சமையலறைக் கேபினட்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

கேபினட் கடைக்குள் நுழைந்ததும் கண்ணை இழுப்பது கதவுதான். நிறம், பளபளப்பு, கைப்பிடி என்று பேரம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாறு வருடம் உழைத்த ஒரு கேபினட்டைப் பிரித்துப் பாருங்கள். கதவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது அடிப்பலகை, சிங்க் இருக்கும் பெட்டி, கீல் இந்த மூன்றும்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டம் சூழ்ந்த ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவுகிறோம். தினமும் தாளிப்பு உண்டு. வருடம் முழுக்க ஈரக்காற்று. பல தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், வீட்டுக்கு அடியில் இருப்பது பழைய ரப்பர் நிலம். ஆகவே கீழே சொல்லப்படுபவை தரையிலிருந்து தொடங்குகின்றன. கதவு கடைசியில் வரும்.

லயத்து அடுப்படியிலிருந்து

தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் அடுப்படி என்றால் பின்தாழ்வாரம். ரப்பர் விறகு எரியும் அடுப்பு, புகையில் கறுத்த பரண், கம்பிவலைக் கதவு போட்ட சாப்பாட்டு அலமாரி. அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கும், எறும்பு ஏறக்கூடாது என்று. மண்ணெண்ணெய் அடுப்பும் பிறகு கேஸும் வந்தபோது, குந்திச் சமைத்தவர்கள் நின்று சமைக்கத் தொடங்கினார்கள். அடுப்பை ஏற்றி வைக்கச் சிமெண்டு மேடை வந்தது, மேடைக்கு அடியில் கம்பியில் கோத்த திரைச்சேலை வந்தது. தாமான் வீடுகளுக்குக் குடிமாறிய பிறகு அந்தத் திரைச்சேலை இருந்த இடத்தைப் பலகைக் கதவு பிடித்துக்கொண்டது.

உலகத்தில் வேறு பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாவில் தயாரான ஹூசியர் அலமாரி என்ற ஒன்று பரவலாக விற்றது. மாவு டப்பா, சலிப்பான், இழுத்துக்கொள்ளும் மேடை எல்லாம் ஒரே அலமாரிக்குள் அடக்கம். சுவரோடு சுவராக, மேலும் கீழும் பெட்டிகள் பொருத்திய சமையலறைக்கு வழி காட்டியது 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளுக்கு அதைப் பொருத்தினார்கள். அரிசி, சர்க்கரைக்கு அலுமினிய இழுப்புகள், மாவுக்குப் புழு அண்டாத ஓக் மரப்பெட்டி, காய் நறுக்கக் கத்திக்கும் கறைக்கும் தாங்கும் பீச் மரப்பலகை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற பொருளைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு முழுக் கேபினட்டையும் ஒரே பலகையில் அடித்துத் தரும் கடைகளைவிட அந்த அம்மையார் விவரமானவர்.

1912இல் மின்காப்புப் பொருளாகப் பிறந்த ஃபார்மைக்கா என்ற தகடு பின்னாளில் மேடைக்கு வந்தது. 1967இல் டியூபான்ட் நிறுவனம் கோரியன் என்ற செயற்கைக் கல்லை உருவாக்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டும் அதன்மேல் ஒட்டும் பிசின் ஏற்றிய மெலமைன் தாளும் விலையைக் குறைத்துக் கேபினட்டைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தன. இவற்றில் பல, தரையில் தண்ணீர் ஊற்றாத, குளிர்ந்த ஊர்களுக்காகத் தோன்றியவை. நம் ஊரில் வரும் கோளாறில் பாதிக்கு இதுவே மூலம்.

முதல் வேலை: அளவும் மட்டமும்

கடைக்காரர் வந்து அளப்பார்தான். ஆனாலும் நீங்கள் ஒரு முறை அளந்து வைத்திருங்கள். 5 மீட்டர் டேப், ரசமட்டம், பென்சில், ஒரு தாள் போதும்.

ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: தரையை ஒட்டி, 85 செ.மீ.யில், 150 செ.மீ.யில். மூன்றும் ஒத்து வராது. பூச்சு வேலையின் லட்சணத்தைப் பொறுத்து 10, 15 மி.மீ. முன்பின் இருக்கும். சிறிய அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அளவுக்குச் செய்த பெட்டி சுவருக்குள் நுழையாது.

அடுத்து மூலை. ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியிலும், மறு சுவரில் 4 அடியிலும் குறி போடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே குறுக்காக அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. எல் வடிவத்தில் கல்மேடை போடுவதாக இருந்தால் இதைக் கல் வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். வெட்டிய கல்லை யாரும் நீட்ட முடியாது.

தண்ணீர் விட்டுக் கழுவும் பின்பக்க ஈரச் சமையலறையின் தரை, வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்கும். 10 அடி நீளத்தில் 20, 30 மி.மீ. இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் சுவரில் பிடித்துத் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குறியுங்கள். சுவர் முழுக்க ஒரே மட்டக்கோடு கிடைத்துவிடும். கோட்டிலிருந்து தரை வரை பல இடத்தில் அளந்து, எங்கே தூரம் மிகக் குறைவோ அதுவே தரையின் உயரமான இடம். கேபினட்டின் உயரத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். தாழ்ந்த இடத்திலிருந்து எண்ணினால் உயர்ந்த பக்கத்தில் பெட்டிக்கு அடியில் கால் நுழைய இடம் இருக்காது.

தாளில் இவற்றையும் குறியுங்கள்: தண்ணீர்க் குழாய், வடிகால், சுவிட்சுகள், ஜன்னல் அடிமட்டம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. நாக்கோ ஜன்னலுக்குக் (கண்ணாடிப் பட்டைகள் சாய்ந்து திறக்கும் வகை) கீழே சிங்க் வருமானால், அதன் கைப்பிடி குழாயில் இடிக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சமைப்பவரின் முழங்கை

கடைகளின் வழக்கமான மேடை உயரம் 85 முதல் 90 செ.மீ. உங்கள் வீட்டில் சமைப்பவர் யாரோ அவரை வெறுங்காலில் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, 10 முதல் 15 செ.மீ. கழியுங்கள். 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு முழங்கை 96 செ.மீ. இருந்தால், மேடை 81க்கும் 86க்கும் நடுவே அமைய வேண்டும்.

அடுப்பு வைக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேடையில் பதிக்கும் அடுப்பாக இருந்தால் அதே உயரம் சரி. நம் வீடுகளில் பாதி, மேடைமேல் தூக்கி வைக்கும் அடுப்பு. அது மட்டுமே 12 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கும். 85 செ.மீ. மேடையில் வைத்தால் பர்னர் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குப் போய்விடும். அதன்மேல் சாம்பார் பானை ஏறினால் தோளைத் தூக்கித்தான் கிளற வேண்டும், மாலைக்குள் கழுத்து வலிக்கும். அடுப்பு இடத்தை மட்டும் 70 செ.மீ.க்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மேல் பெட்டியின் அடிப்பாகம் மேடையிலிருந்து 60 செ.மீ. மேலே இருக்கட்டும். மேடை ஆழம் 60, மேல் பெட்டி ஆழம் 30 முதல் 35 செ.மீ. மேல் பெட்டியை 45 செ.மீ. ஆழமாகக் கேட்காதீர்கள். நெற்றியில் இடிக்கும், பின்னால் போன டப்பாவும் கைக்கு வராது. பெட்டிக்கு அடியில் கால்நுனி நுழைய 10 முதல் 15 செ.மீ. உயரமும், 5 முதல் 7 செ.மீ. உள்வாங்கலும் வேண்டும். அது இல்லாவிட்டால் மேடையை விட்டு விலகி நின்று குனிந்துதான் வேலை செய்ய நேரும்.

அடுப்பு, சிங்க், குளிர்பெட்டி மூன்றையும் முக்கோணமாக வைக்கும் கணக்கு 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்தது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி. குளிர்பெட்டி ஹாலில் நிற்கும் வீடுகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மூன்றாவது முனையாக அரைக்கும் இடத்தை வைத்துப் பாருங்கள். கிரைண்டரையும் மிக்சியையும் தினமும் தூக்கி இறக்க வைக்கும் கேபினட் என்ன விலையானாலும் தோல்விதான். அவற்றுக்கு மேடையில் நிரந்தரமாக 2 அடி இடமும் சொந்தப் பிளக்கும் ஒதுக்குங்கள்.

எந்தப் பொருள், எந்த இடம்

மெலமைன் சிப்போர்டு மிக மலிவு. காய்ந்த இடத்தில் நன்றாகவே உழைக்கும். ஆனால் தாள் மூடிய முகம் மட்டுமே தண்ணீரைத் தடுக்கும், வெட்டுவாய் தடுக்காது. சிங்க் பெட்டிக்குள் குழாய்க்காக ஓட்டை போட்டிருப்பார்கள், அந்த ஓட்டையின் உள்விளிம்பு திறந்தே கிடக்கும். தரையைக் கழுவும்போது பக்கப்பலகையின் அடிவிளிம்பு நனையும். ஒரு வருடத்தில் அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள், தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரிப் பருத்து, விரல் பட்டால் தூளாக உதிரும். ஊதியது திரும்பச் சுருங்காது. கீலின் திருகாணி அந்த இடத்தில் இருந்தால் கதவு தொங்கிவிடும்.

பிளைவுட் அடுக்கு அடுக்காக ஒட்டிய பலகை, திருகாணியை நன்றாகப் பிடிக்கும். இதில் பார்க்க வேண்டியது பசை. ஈரத்தைச் சற்றே தாங்கும் பசையும் இருக்கிறது, கொதிநீரையே தாங்கும் பசையும் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆர்டர் கொடுக்கும் முன் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டொன்றைக் கேட்டு வாங்குங்கள். தடிமனை அளந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்து, மறுபடி அளந்து பாருங்கள். 18 மி.மீ. துண்டு 20ஐத் தாண்டினாலோ அடுக்கு பிரிந்தாலோ அந்தப் பலகை கீழ்ப்பெட்டிக்கு வேண்டாம். துண்டு தர மறுக்கும் கடையைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

அலுமினியக் கேபினட் இப்போது மலேசியா முழுக்க ஓடுகிறது. தண்ணீரில் ஊதாது, கறையானுக்கு உணவாகாது, ஈரச் சமையலறைக்கு நல்ல தேர்வு. குறைகளும் உண்டு. உள்ளே பொள்ளலான தகடு என்பதால் கனமான பானை விழுந்தால் நசுங்கும். மெல்லிய தகட்டில் வெறும் திருகாணி நிற்காது, கீல் வரும் இடத்தில் உள்ளே கெட்டித் தகடு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈரச் சிமெண்டும் டைல்ஸ் கழுவும் ஆசிட்டும் அலுமினியத்தைக் கறையாக்கி அரித்துவிடும். ஆகவே டைல்ஸ் வேலை முழுக்க முடிந்து, காய்ந்து, கழுவிய பிறகுதான் அலுமினியம் உள்ளே வர வேண்டும். வேலைக்காரர்கள் இதை அடிக்கடி தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

சிமெண்டு மேடையைப் பழசு என்று தள்ளாதீர்கள். செங்கல் தடுப்புச் சுவர், அதன்மேல் கம்பிவலை வைத்து வார்த்த 3 அங்குலத் தளம், உள்ளும் புறமும் டைல்ஸ், முன்னால் அலுமினியச் சட்டமும் கதவும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பின்பக்கச் சமையலறைக்கு இதைவிட உறுதியானது கிடையாது. இடத்தை மாற்ற முடியாது என்பதும், கட்டிய பெட்டிகளின் வாய் ஒரே அளவாக இராது என்பதும் இதன் குறைகள். கொத்தனார் கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு வாயையும் தனித்தனியே அளந்துதான் கதவு செய்ய வேண்டும்.

எங்கள் சிபாரிசு நேரானது. பின்னால் சிமெண்டு அடியும் அலுமினியக் கதவும். முன்பக்க உலர் சமையலறைக்குப் பிளைவுட் பெட்டி. பணம் குறைவாக இருந்தால் மேல் பெட்டிகளைச் சிப்போர்டில் செய்து, மிச்சப் பணத்தைக் கீழே போடலாம். பூசப்பட்ட பிரகாசமான கதவுக்காகச் சிங்க் பெட்டியைச் சிப்போர்டில் செய்வதுதான் கைக்காசை வடிகாலில் ஊற்றும் வழி.

ரப்பர் மரத்தையும் சொல்லியாக வேண்டும். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் அடுப்பில்தான் எரித்தோம். இன்று அதுவே மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரம். வெட்டியதும் போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் பூஞ்சையும் உளுவும் அண்டாது. கதவுக்கும் இழுப்பு முகப்புக்கும் அழகாக இருக்கும். சிங்க்கைச் சுற்றி மட்டும் வேண்டாம்.

பலகைத் தடிமன் பெட்டிக்கு 16 அல்லது 18 மி.மீ. தட்டின் நீளம் 60 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் தாங்கல் வேண்டும். 90 செ.மீ. சிப்போர்டு தட்டில் 10 கிலோ அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தல்களும் ஏறினால் சில மாதத்தில் வயிறு தொங்கிவிடும்.

கால், கீல், இழுப்பு

பெட்டிகள் தரையைத் தொடக்கூடாது. உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் பெட்டிக்கு நான்கு, 90 செ.மீ. அகலத்துக்கு ஆறு. தரைச் சரிவை ஈடுகட்டுவதும் அவைதான். முன்னால் மூடும் அடிப்பட்டையை அலுமினியத்திலோ பிவிசியிலோ கேளுங்கள். அது கிளிப்பில் மாட்டிக் கழற்றும்படி இருக்க வேண்டும். சிலிக்கான் வைத்து ஒட்டிவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வராது, கறையான் மண்கோடு போட்டாலும் கண்ணில் படாது.

கீல் இப்போது பெரும்பாலும் 35 மி.மீ. வட்டக்குழியில் பதிக்கும் வகை. கதவு உயரம் 90 செ.மீ. வரை இரண்டு, 160 வரை மூன்று, 200 வரை நான்கு. ஈரமான இடத்துக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் கீல் கேளுங்கள். நிக்கல் முலாம் பூசியது சிங்க் பெட்டிக்குள் சீக்கிரம் துருவேறி இறுகிவிடும். கீலில் சரிசெய்யும் திருகாணிகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது கதவை இடம்வலமாக நகர்த்தும், பின்னால் இருப்பது உள்ளே வெளியே நகர்த்தும், பெட்டியின் பக்கப்பலகையில் பதித்த தகட்டில் இருப்பது மேலே கீழே நகர்த்தும். இதைத் தெரிந்துவைத்தால் கதவு கோணிய ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

கீழ்ப்பெட்டியில் கதவைவிட இழுப்பு மேல். குனிந்து தேட வேண்டாம், உள்ளே இருப்பது முழுக்க வெளியே வரும். முழு நீளம் வெளிவரும் தண்டவாளமாகவும், அரிசிக்கும் இரும்புச் சட்டிக்கும் குறைந்தது 30 கிலோ தாங்குவதாகவும் இருக்கட்டும். பக்கத்தில் மாட்டும் தண்டவாளத்துக்கு இருபுறமும் 13 மி.மீ. இடைவெளி விட்டு இழுப்பைச் செய்ய வேண்டும். 2 மி.மீ. தவறினாலும் உரசும். சுவரையொட்டி இழுப்பு வருமானால் 3 முதல் 5 செ.மீ. வெற்றுப்பட்டை விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கதவுச் சட்டத்தில் இடித்து இழுப்பு பாதியோடு நிற்கும்.

கேபினட்டுக்கு முன் முடிய வேண்டியவை

வரிசை முக்கியம்: பழையதை இடித்தல், குழாய், மின்கம்பி, கறையான் மருந்து, டைல்ஸ், பிறகே கேபினட். பின்பக்கத்தைக் கூரை போட்டு நீட்டுவதானால் நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோல கங்சார் நகராண்மைக் கழகம்.

ரப்பரையும் செம்பனையையும் தாக்கும் கறையான் வகைகள் நிலத்தடியில் புதைந்த பழைய தூர்களில் வாழும். மனை போட்டபோது தூரைத் தோண்டி எடுக்காமல் மண் மூடிய இடங்கள் நிறைய. குழாய் தரையைத் துளைத்து வரும் இடைவெளியே அவற்றின் வாசல். அந்த இடைவெளிகளைச் சிமெண்டு வைத்து மூடிய பிறகே டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். முழு அலுமினியம் போட்டவர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. அலுமினியத்தைத் தின்னாவிட்டாலும் அதன் பின்னாலேயே சுவரேறிக் கூரைமரத்துக்குப் போய்விடும்.

பெட்டிக்குப் பின்னால்தானே, டைல்ஸ் எதற்கு என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். ஈரச் சமையலறையில் தரையும் சுவரும் முழுக்க டைல்ஸ் இருக்கட்டும்.

மேடைப் பிளக்குகள் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில், அடுப்புக்கு நேர்மேலேயும் சிங்க்கை ஒட்டியும் இல்லாமல். 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தருவது ஏறக்குறைய 3 கிலோவாட். மின் ஓவனின் லேபிளில் அதற்கு மேல் இருந்தால் தனிக் கம்பி வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள்.

கேஸ் தோம்பு வெளியே, காற்றோட்டமான நிழலில் இருப்பதே மேல். பெட்டிக்குள்தான் வைக்க வேண்டுமென்றால் நிமிர்ந்து நிற்கும்படி, உங்கள் தோம்பை அளந்து இடம் விடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். ஆகவே காற்றுத்துளை பெட்டியின் அடியில் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். மேலே மட்டும் துளை போட்டுத் தருகிறவர்கள் உண்டு, பிரயோசனமில்லை. அந்தப் பெட்டிக்குள் பிளக் கூடாது. ரப்பர் குழாய் அடுப்பின் பின்புறச் சூட்டில் படாமல் வர வேண்டும். இணைப்பைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதியுங்கள், குமிழி வந்தால் கசிவு.

புகைபோக்கி வாங்கினால் வெளியே குழாய் போகிறதாக வாங்குங்கள். கரி வடிகட்டி மட்டும் வைத்து அறைக்குள்ளேயே காற்றைத் திருப்பி விடுகிற வகை, மிளகாய் தாளிக்கும் வீட்டுக்கு அலங்காரப் பொருள். குழாயைக் கூரைக்குள் விட்டுவிடும் வேலைக்காரரும் உண்டு. எண்ணெய் அங்கே படிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. சுவரைத் துளைத்து வெளியே விடுங்கள், வளைவு குறைவாக இருக்கட்டும், பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு நேராக வேண்டாம்.

பொருத்தும் நாளில்

மேல் பெட்டிகளை முதலில் மாட்டுவது வசதி, கீழே நிற்க இடம் இருக்கும். மட்டக்கோட்டை வைத்தே மாட்ட வேண்டும், சீலிங்கிலிருந்து அளக்கக் கூடாது. சீலிங்கும் சரிந்திருக்கும். செங்கல் சுவரில் பூச்சு மட்டும் 15, 20 மி.மீ. இருக்கும். ஆகவே குட்டைத் திருகாணி பூச்சை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். 8 மி.மீ. சுவர்ப் பிளக்கும் 70 மி.மீ.க்குக் குறையாத திருகாணியும் செங்கல் வரை போக வேண்டும். பீங்கான் தட்டுகள் ஏறிய பெட்டி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில் செய்த மிச்சத்தால்தான். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்க விடாதீர்கள், கம்பி அந்த வழியில்தான் ஓடும்.

கீழ்ப்பெட்டிகளை உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கி, காலைத் திருகி மட்டமாக்கி, ஒன்றோடொன்று திருகாணியால் பிணைப்பார்கள். மேடைக்கல் வைத்த பிறகு முன்விளிம்பின் அடியைத் தடவிப் பாருங்கள். விளிம்பு கதவைவிட 2, 3 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். அடியில் மெல்லிய சொட்டுக்கோடு வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. சிந்திய தண்ணீர் அந்தக் கோட்டில் தடைபட்டுத் தரையில் சொட்டும், கதவின் மேல்விளிம்புக்குள் இறங்காது. சிங்க்குக்காக வெட்டிய துளையின் உள்விளிம்பு பலகையாக இருந்தால், சிங்க்கை இறக்கும் முன் சுற்றிலும் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு யாராலும் பூச முடியாது. சிங்க் பெட்டிக்குப் பின்பலகை தேவையில்லை, வால்வுக்குக் கை போக வேண்டும்.

கதவும் இன்றைய மோஸ்தரும்

3ஜி என்று விற்கும் கதவு, அலுமினியச் சட்டத்தில் பின்புறம் வண்ணம் பூசிய கண்ணாடி. துடைக்க எளிது, எண்ணெய் ஊறாது. டெம்பர்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடிதானா என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். அக்ரிலிக் கதவு கண்ணாடி போல் மின்னும், கீறல் சீக்கிரம் தெரியும். மேட் கறுப்பு படத்தில் அழகு, வீட்டில் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும். வெள்ளையில் மஞ்சள்தூள் கறை விழும். வெயில் படும் இடமாக இருந்தால் அது தானே மங்கிவிடும், ஆனால் மேடையில் பதிந்த கறைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கைப்பிடி இல்லாமல் மேலே பள்ளம் விட்ட கதவு பார்க்கச் சுத்தம். அந்தப் பள்ளத்தில் மாவும் எண்ணெயும் சேர்ந்து கரப்பானுக்குத் தீனியாகும், வாரம் ஒருமுறை துடைக்க ஆளிருந்தால் போடுங்கள்.

மூலைப் பெட்டிக்குச் சுழன்று வரும் கம்பித்தட்டு அதிக விலை. வருடத்தில் இரண்டு முறை எடுக்கும் பொங்கல் பானைக்கும் அண்டாவுக்கும் சாதாரண மூலையே போதும்.

விலைப்பட்டியலைப் படிக்கும் வகை

இங்கே விலை அடிக்கணக்கில், மேலுக்குத் தனி, கீழுக்குத் தனி. எல் வடிவத்தில் ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி என்றால் 18 அடி என்று எழுதிவிடுவார்கள். மூலையின் 2 அடி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, உண்மையில் கீழே 16 அடி. மேல் பெட்டிக்கு ஆழம் 1 அடி என்பதால் 17. பேரம் பேசும் முன் இதைத் தெளிவுபடுத்துங்கள்.

பட்டியலில் பலகையின் வகை, தடிமன், கீல் வகை, இழுப்புகளின் எண்ணிக்கை, மேடைக்கல், விளிம்புப் பட்டை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சிங்க், குழாய், இடித்த குப்பையை அகற்றுவது, பிளம்பிங் ஆகியவை சேர்ந்தவையா என்பதும் வேண்டும். முன்பணம், பொருள் இறங்கும்போது ஒரு பகுதி என்று பிரித்து, கடைசி 10 விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கடைக்கு ஓடுவார்கள். அந்த அவசரத்தில் செய்த கேபினட்டை விளிம்பிலேயே அடையாளம் காணலாம். நான்கைந்து மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேசியபடி செய்யாமல் கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. எழுத்தில் இருக்கும் விலைப்பட்டியலும் ரசீதும் அங்கே உங்கள் சாட்சி.

மீதிப் பணம் கொடுக்கும் முன்

எல்லா இழுப்பையும் முழுக்க இழுத்துப் பாருங்கள், கதவுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள். பலகைகளின் அடிவிளிம்பிலும் மேல்விளிம்பிலும் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தைத்தான் ஒட்டாமல் விடுவார்கள். குழாய்க்காகப் போட்ட ஓட்டைகளின் விளிம்புக்குச் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள்.

பிறகு சிங்க் துளையை அடைத்து, வழியும் ஓட்டை வரை தண்ணீர் நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். சொட்டுச் சொட்டாகத் திறந்த குழாயில் தெரியாத கசிவு இந்த வேகத்தில் தெரிந்துவிடும். கீழே இணைப்புகளைச் சுற்றி ஒரு காய்ந்த டிஷ்யூவைச் சுற்றி வைத்து, அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இறுக்கச் சொல்லி, மறுபடி நிரப்பித் திறக்க வேண்டும். பெட்டிகள் பாரம் ஏறி அமர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன்பின் ஒருமுறை கீல் திருகாணிகளை இறுக்கி, கதவுகளை நேராக்கித் தருவதையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.